உப்புக்கரையில் காளான் உரம்: தென்னை நார்த்துகளின் நஞ்சை முறித்து மண்ணுக்குத் தரும் வழி

ராமநாதபுரம் மாவட்டத்தின் உச்சிப்புளி, பெருங்குளம், மண்டபம் பக்கம் தேங்காய் மட்டையிலிருந்து தும்பு பிரிக்கும் இடங்களின் பின்புறத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு மேடு இருக்கும். ஒரு கிலோ தும்பு எடுத்தால் ஏறத்தாழ இரண்டு கிலோ துகள் மிஞ்சும். தும்பை ஏற்றிச் செல்ல லாரி வருகிறது. துகள் அங்கேயே கிடக்கிறது. கொழுஞ்சியும் எருக்கும் கேட்பாரற்று முளைக்கிற இந்த மண்ணில், அந்த மேட்டின் மேல் மட்டும் புல்கூடத் தலைகாட்டாது. ஐப்பசி மழை இறங்கியதும் அதன் அடியிலிருந்து கடுந்தேநீர் நிறத்தில் நீர் கசிந்து பள்ளத்தைத் தேடி ஓடும். பள்ளத்தில் ஊரணி இருந்தால் அதில்தான் போய்ச் சேரும்.

அந்த நிறத்துக்குக் காரணம் டானின் முதலிய பீனால் வகைப் பொருள்கள். அழுகலும் பூச்சியும் அண்டாமல் காயைக் காக்கத் தென்னை தன் மட்டையில் சேர்த்து வைத்தவை அவை. மரத்துக்குக் காவலாக இருந்தது விதைக்குத் தடையாகிறது. பச்சைத் துகளை அப்படியே நாற்றங்காலில் போட்டவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

ஆலிவ் நாடுகளின் அனுபவம்

இதே பீனால் தொல்லை ஆலிவ் எண்ணெய் ஆட்டும் நாடுகளுக்கும் உண்டு. நமக்கு ஆலிவ் என்றால் மருந்துக் கடையில் கிடைக்கும் சிறு புட்டி எண்ணெய். ஸ்பெயினின் தென்பகுதியில் அது மலை மலையாகக் குவியும் சக்கை. 1990களில் அங்கே பரவிய ஆட்டும் முறையில், ஒரு டன் காய்க்கு ஏறத்தாழ 800 கிலோ ஈரச் சக்கை வெளியே வருகிறது. 'அல்பெருஹோ' என்பது அதன் பெயர். அறுவடைக்காலத்தின் சில மாதங்களுக்குள் மொத்தமும் வந்து சேர்ந்துவிடும். ஹைட்ராக்சிடைரசால் போன்ற பீனால்கள் எண்ணெயில் சிறிதளவு இருந்தால் உடலுக்கு நல்லது என்று விலை கூட்டி விற்கிறார்கள்; அதே பொருள்கள் சக்கையில் மண்டிக் கிடக்கும்போது பயிரைக் கருக்குகின்றன, ஓடையில் கலந்தால் நீரைக் கெடுக்கின்றன.

ஸ்பெயின், இத்தாலி, கிரேக்கம், இஸ்ரேல் நாடுகளின் ஆய்வகங்கள் இதற்காகத் திரும்பத் திரும்ப நாடிய உயிர்களில் ஒன்று சிப்பிக்காளான். மரத்தை வெளுக்க வைத்து மட்கச் செய்யும் 'வெண்மட்குப் பூஞ்சை' இனத்தைச் சேர்ந்தது அது. தன் இழைகளிலிருந்து லாக்கேஸ், மாங்கனீசு பெராக்சிடேஸ் என்ற நொதிகளைச் சுரக்கும். செம்பு அணுக்கள் கொண்ட லாக்கேஸ், காற்றில் உள்ள ஆக்சிஜனைக் கொண்டு பீனால்களை ஆக்சிஜனேற்றம் செய்கிறது. அவற்றில் ஒரு பகுதி உடைந்துபோகிறது. மறுபகுதி ஒன்றோடொன்று பிணைந்து நீரில் கரையாத கரும்பொருளாகி, வேருக்கு எட்டாமல் தங்கிவிடுகிறது. மரத்துக்கு உறுதி தரும் லிக்னினையும் இந்தப் பூஞ்சை இதே கருவிகளால்தான் தகர்க்கிறது. லிக்னினும் பீனால் துண்டுகளால் ஆன பின்னல்தான் என்பதால் ஆலிவ் சக்கையில் நடப்பது நார்த்துகளிலும் நடக்கும்.

நார்த்துகளுக்கு இந்த முறையை வகுத்துத் தந்தது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். ஒரு டன் துகள், ஐந்து புட்டிக் காளான் வித்து, 5 கிலோ யூரியா என்பது அதன் அடிப்படைக் கணக்கு. கயிறு வாரியம் 'பித் பிளஸ்' என்ற பெயரில் பரப்பியதும் இதே வழிதான். கார்பன்–தழைச்சத்து விகிதம் (இது குறையக் குறைய நன்கு மட்கியது என்று பொருள்) 112:1-லிருந்து 24:1-க்கும், லிக்னின் 30 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கும் இறங்குவதாகப் பல்கலைக்கழகத்தின் அளவீடுகள் சொல்கின்றன. தோட்டத்து மூலையில் போடும் குவியலில் லிக்னின் அவ்வளவு இறங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். விதை முளைக்கும் அளவுக்கு நஞ்சு முறிந்தாலே பாதி வெற்றி.

மீதிப் பாதி உப்பைப் பொறுத்தது. காளான் பீனாலை முறிக்கும், உப்பைத் தொடாது. பொள்ளாச்சிக்காரருக்கு எழுதிய குறிப்பை அப்படியே எடுத்துக் கடற்கரையில் செய்தால் உரம் கறுப்பாக, மண் வாசனையோடு, பார்வைக்கு அருமையாக வரும். நாற்று மட்டும் நுனி கருகி நிற்கும். துகள் மட்கும்போது அதன் எடை ஏறத்தாழ 40 சதவீதம் குறைகிறது. கரிப்பொருள் காற்றோடு போய்விடும், உப்பு போகாது. ஒரு டன்னில் 10 கிலோ உப்பு இருந்தால் அது 1 சதவீதம். குவியல் 600 கிலோவாகச் சுருங்கியதும் அதே உப்பு 1.7 சதவீதமாகிவிடுகிறது. நனைக்க ஊற்றும் தண்ணீரும் உப்பு என்றால் சொல்ல வேண்டியதே இல்லை. ஆகவே இந்தக் கரையில் முதல் வேலை உப்பை வெளியேற்றுவது, அதன் பிறகுதான் காளான்.

எப்போது தொடங்குவது

சிப்பிக்காளான் இழை 25 முதல் 30 டிகிரி வெப்பத்தில் நன்றாகப் படரும். குவியலின் நடுவில் 40-ஐத் தாண்டினால் செத்துப்போகும். சித்திரை, வைகாசியில் இந்த வேலையைத் தொடங்குவது வித்துக்குக் கொடுத்த காசைக் கடலில் போடுவது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும். மாவட்டத்துக்குப் பெரும்பாலான மழை வருவது ஐப்பசி முதல் மார்கழி வரைதான். அந்த மழையில் துகளைக் கழுவி, தை பிறந்ததும் வித்திட்டால் பங்குனிக்குள் உரம் கைக்கு வந்துவிடும். முண்டு மிளகாய் போடுகிறவர்கள் அதை நிழலில் சேமித்து வைத்துப் புரட்டாசி விதைப்புக்கு முன் நிலத்தில் சேர்க்கலாம்.

முதல் வேலை: துகளைத் தேர்வதும் அளப்பதும்

இயந்திரத்திலிருந்து அண்மையில் வந்த துகளை வாங்குங்கள். ஆண்டுக்கணக்கில் கிடந்த மேட்டில் மண்ணும் களை விதையும் கண்ணாடித் துண்டும் கலந்திருக்கும். பச்சைப் பூசணமும் முன்பே குடியேறியிருக்கும். நீளத் தும்புகளைச் சல்லடையில் சலித்து எடுத்துவிடுங்கள். அவை மட்காமல் கடைசிவரை அப்படியே கிடந்து குவியலைப் புரட்டும்போது மண்வெட்டியில் சிக்கும்.

மட்டை எங்கே ஊறியது என்று விற்பவரிடம் கட்டாயம் கேளுங்கள். உப்பங்கழியில் ஊறிய மட்டையின் துகளும், நன்னீர்த் தொட்டியில் நனைத்து உடைத்த மட்டையின் துகளும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். பதில் என்னவாக இருந்தாலும் அளந்து பார்த்துவிடுவது நல்லது. பேனா வடிவில் மின்கடத்துதிறன் (நீரில் உப்பு கூடினால் இதுவும் கூடும்) அளக்கும் சிறு கருவி இப்போது எளிதாகக் கிடைக்கிறது. உப்புக்கரையில் விவசாயம் செய்கிறவரிடம் மண்வெட்டிக்கு அடுத்தபடி இருக்க வேண்டிய பொருள் அது என்பேன். ஒரு தம்ளர் துகளை ஐந்து தம்ளர் மழைநீரிலோ ஆர்.ஓ. தண்ணீரிலோ கலக்கி, அரை மணி நேரம் வைத்து, வடித்து, கருவியை முக்குங்கள். மீட்டருக்கு 1 டெசிசைமனுக்குக் (dS/m) கீழே காட்டினால் நேராக வித்திடலாம். அதற்கு மேல் போனால் கழுவ வேண்டும். ஏற்றுமதிக்குத் துகளை அழுத்திக் கட்டி செய்பவர்களிடம் வெளிநாட்டில் 0.5-க்குக் கீழே கேட்கிறார்கள். நமக்கு அவ்வளவு கெடுபிடி தேவையில்லை.

இரண்டாவது வேலை: கழுவுதல்

மழைக்காலத்துக்கு முன்பே துகளை ஓரடி உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, மழைக்குத் திறந்து வைத்துவிடுவதுதான் செலவில்லாத வழி. மேடாகக் குவித்தால் மேல்பகுதி மட்டும் கழுவப்பட்டு, அங்கிருந்து இறங்கிய உப்பு நடுவில் தேங்கிவிடும். துகள் தன் எடையைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் நீரைப் பிடித்து வைக்கக்கூடியது. முதல் ஓரிரு மழையை முழுதாகக் குடித்துவிட்டு ஒரு சொட்டும் வெளியே விடாது. அதன் பின் பெய்யும் மழைதான் உப்பைக் கழுவும். நான்கு தூறலை நம்பி அள்ளிவிட வேண்டாம். அள்ளுவதற்கு முன் மறுபடி அளந்து பாருங்கள்.

கசியும் பழுப்பு நீரை என்ன செய்வது என்பதைப் பரப்புவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். அந்த இடம் ஊரணிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் மேட்டுப் பக்கம் இருக்கக் கூடாது. கடலுக்கு வெட்டிவிடுவதும் தீர்வு ஆகாது. தென்கடலில் (மன்னார் வளைகுடாவில்) பவளப்பாறை சூழ்ந்த 21 தீவுகளும் கடற்புல் வெளிகளும் கிடக்கின்றன. சரிவின் கீழ்ப்பக்கம் தார்ப்பாய் விரித்த குழி ஒன்று வெட்டி, அதில் அறுவடை முடிந்த காளான் படுக்கையின் வைக்கோலைப் போட்டு வையுங்கள். பயன்முடிந்த அந்த வைக்கோலில் லாக்கேஸ் இன்னும் உயிரோடு இருக்கும். அதிலே சில நாள் தங்கும் நீரில் பீனாலின் வீரியம் குறையும். உப்பு குறையாது என்பதால் அந்த நீரைக் காய்கறிப் பாத்திக்கு விட வேண்டாம். உப்பைப் பொறுத்துக்கொள்ளும் தென்னைக்கு, பல மரங்களுக்குப் பிரித்து, மழை ஈரம் இருக்கும்போதே விடலாம்.

மூன்றாவது: எந்தத் தண்ணீர்

வழிகாட்டிகள் 'தேவையான நீர் தெளிக்கவும்' என்று ஒரு வரியில் கடந்துபோகும் இடம் இது. ஒரு டன் காய்ந்த துகளை நனைக்க ஏறத்தாழ 2,000 லிட்டர் வேண்டும். உங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் 4 டெசிசைமன் காட்டினால் ஒரு லிட்டரில் ஏறத்தாழ இரண்டரை கிராம் உப்பு இருக்கிறது என்று பொருள். முதல் நனைப்பிலேயே 5 கிலோ உப்பை நீங்களாகவே கொட்டுகிறீர்கள். வெயிலில் உலர உலர மறுபடி தெளிப்பதையும் சேர்த்தால் கழுவிய உழைப்பெல்லாம் வீணாகிவிடும்.

மழையில் நனைந்த துகளை முழுக்கக் காயவிடாமல், கைப்பிடி ஈரத்தில் அள்ளிக் குவிப்பதே சிறந்தது. பிறகு தெளிக்கும் அளவு வெகுவாகக் குறைந்துவிடும். குறைவதை ஈடுகட்டக் கூரையில் பிடித்த மழைநீரையோ, ஆழமில்லாத மணற்கிணற்று நீரையோ பயன்படுத்துங்கள். இந்த மணல் திட்டுகளில் நன்னீர் மேலாக மிதக்கிறது. உப்புநீர் கீழே இருக்கிறது. மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் இறைத்துக் குடிநீர் எடுத்த ஊர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆழ்துளைக்குப் போகப் போக உப்பும் ஏறும்.

நான்காவது: வித்து

சிப்பிக்காளான் வித்தைச் சோளத்தில் வளர்த்துப் பையிலோ புட்டியிலோ தருவார்கள். ஒரு டன்னுக்கு 300 கிராம் வீதம் ஐந்து, மொத்தம் ஒன்றரை கிலோ வேண்டும். மதுரை வேளாண்மைக் கல்லூரியிலோ, ராமநாதபுரம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ முன்கூட்டியே கேட்டுப் பதிந்துவையுங்கள். சோளம் முழுவதையும் வெள்ளை இழை போர்த்தியிருக்க வேண்டும். பச்சையோ கறுப்போ ஒரு புள்ளி தெரிந்தாலும், புளித்த வாடை வந்தாலும் அந்தப் பையை வாங்காதீர்கள். மதுரையிலிருந்து பகல் பஸ்ஸில் கொண்டுவந்தால் வழியிலேயே வெந்துவிடும். விடியற்கால வண்டியில் கொண்டுவாருங்கள்.

துகளுக்குப் பழகிய சிப்பிக்காளான் இனம் 'சஜார் காஜு'. அருப்புக்கோட்டை ஆய்வு நிலையம் தந்த இளஞ்சிவப்பு 'ஏபிகே 1' கிடைத்தால் அதையும் ஒரு சிறு குவியலில் முயன்று பார்க்கலாம். அதே நிலையத்தின் பால் காளான் நம் வெயிலைத் தாங்கும் என்று அதைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. அது சமையலுக்கு நல்ல காளான், இந்த வேலைக்கு நான் எடுக்க மாட்டேன்.

ஐந்தாவது: அடுக்குதல்

தென்னை நிழலில் 5 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்துக்கு இடத்தைச் சமன்செய்யுங்கள். வெயில் நேரே விழும் இடம் என்றால் கிடுகுக் கூரை போட்டாக வேண்டும். துகள் பிழிந்தால் விரலிடுக்கில் இரண்டு மூன்று சொட்டு வரும் ஈரத்தில் இருக்கட்டும், ஒழுகினால் அதிகம்.

100 கிலோ துகளைப் பரப்புங்கள் (காய்ந்த எடைக் கணக்கு, நனைந்தால் மூன்று மடங்கு கனக்கும்). அதன் மேல் ஒரு பை வித்தைக் கையால் உதிர்த்துச் சீராகத் தூவுங்கள். அதை மூடி இன்னொரு 100 கிலோ. இதன் மேல் 1 கிலோ யூரியா. மறுபடி துகள், வித்து, துகள், யூரியா என்று பத்து அடுக்கு முடியும்போது ஒரு டன்னும் ஐந்து பையும் 5 கிலோவும் தீர்ந்திருக்கும். உயரம் மூன்று அடியைத் தாண்ட வேண்டாம். உயர்ந்தால் நடுவில் சூடு ஏறும், காற்றும் போகாது. காற்றில்லாமல் லாக்கேஸ் வேலை செய்யாது. அதனால் மேலே ஏறி மிதிக்கவும் கூடாது.

யூரியா வேண்டாம் என்பவர்கள் 200 கிலோ புதுக் கோழி எரு சேர்க்கலாம். கிடை போடும் ஊர்களில் ஆட்டுப் புழுக்கை எளிதாகக் கிடைக்கும், அதையும் தூளாக்கிக் கலக்கலாம். எதுவானாலும் அள்ளிப் போடாதீர்கள். தழைச்சத்து மிகுந்தால் லிக்னினைத் தாக்கும் வேகம் வெண்மட்குப் பூஞ்சைகள் பலவற்றில் மட்டுப்படும். அம்மோனியா நெடியில் இழையும் கருகும்.

மேலே ஈரச் சாக்கு விரித்து, அதன் மேல் பனையோலை. சுற்றிலும் பழைய மீன்வலை கட்டிவிடுங்கள். சோள வாசனைக்குக் கோழி வந்து ஒரே காலையில் அத்தனை வித்தையும் கிளறித் தின்றுவிடும்.

ஆறாவது: காத்திருக்கும் நாள்கள்

ஒரு வாரத்தில் வித்து விழுந்த இடங்களில் பஞ்சு போன்ற வெண்மை தெரிய வேண்டும். பத்து நாளுக்கு ஒருமுறை புரட்டச் சொல்வது வழக்கம். முதல் புரட்டலை இருபதாம் நாளுக்குத் தள்ளுங்கள் என்பது என் கருத்து. இழை ஒன்றோடொன்று கோத்துப் பரவுமுன் அதைப் பிய்த்துப் போட்டால் பச்சைப் பூசணம் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு பத்து நாளுக்கொரு முறை, ஓரத்தில் இருந்தது நடுவுக்கும் நடுவில் இருந்தது ஓரத்துக்கும் போகும்படி புரட்டி, உலர்ந்த இடத்தில் மட்டும் தெளியுங்கள்.

ஒரு கம்பியை நடுவில் குத்தி, சிறிது நேரம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு என்றால் குவியலை உடனே இரண்டாகப் பிரித்துத் தாழ்த்த வேண்டும். மெல்லிய காம்பும் சாம்பல் குடையுமாக முளைத்து ஒரே நாளில் மையாகக் கரையும் காளான் தென்பட்டால் தழைச்சத்தும் ஈரமும் மிஞ்சிவிட்டன. மூடாக்கை எடுத்துக் காற்றாட விடுங்கள். பச்சைப் பூசணம் திட்டாக இருந்தால் அந்தத் துகளை மட்டும் வெட்டி எடுத்துத் தொலைவில் புதையுங்கள். சிப்பிக்காளானே குவியலில் பூத்துவிட்டதே, பறித்துக் குழம்பு வைக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். எது விதைத்தது, எது தானாக வந்தது என்று பிரித்தறிவது எல்லாருக்கும் கைவராது. தின்பதற்கு வேகவைத்த வைக்கோலில் தனியாகப் படுக்கை போடுங்கள். அறுவடை முடிந்ததும் அந்தப் படுக்கையை அடுத்த குவியலுக்கு வித்தோடு கலந்து போடலாம்.

காய்ந்த துகளைச் சலிக்கும்போதும், முற்றிய காளான் இருக்கும் குவியலைப் புரட்டும்போதும் மூக்கையும் வாயையும் நன்றாக மூடிக்கொள்ளுங்கள். சிப்பிக்காளான் குடையிலிருந்து உதிரும் நுண்ணிய தூள் (ஸ்போர்) நுரையீரலுக்கு ஆகாது. இளைப்பு உள்ளவர்கள் வேறு ஆளை விடுவதே நல்லது. வித்திடாமல் காய்ந்து கிடக்கும் துகள் மேட்டருகே பீடி, அடுப்பு எதுவும் கூடாது. அதில் விழுந்த பொறி வெளியே தெரியாமல் நாள்கணக்கில் உள்ளே கனன்றுகொண்டிருந்து, கச்சான் வீசும்போது எழும்.

ஏழாவது: முறிந்ததா என்று சோதித்தல்

45 முதல் 60 நாளில் குவியல் தாழ்ந்து, நிறம் கறுத்து, மண் வாசனை வரும். அதை மட்டும் நம்பி வயலில் இறக்க வேண்டாம். ஆலிவ் நாடுகளில் மட்கிய சக்கையைச் சோதிக்கப் பயன்படும் முளைப்புச் சோதனையை நம் வீட்டுத் திண்ணையிலேயே செய்யலாம். காய்ந்த உரம் ஒரு பங்கு எடைக்குப் பத்துப் பங்கு மழைநீர் ஊற்றி ஒரு நாள் வைத்து வடிகட்டுங்கள். இரண்டு தட்டுகளில் துணி விரித்து, ஒன்றை வடிநீராலும் மற்றதை வெறும் மழைநீராலும் நனைத்து, தட்டுக்கு இருபது முள்ளங்கி விதை வையுங்கள். மூன்று நான்கு நாளில் முளைத்தவற்றை எண்ணி, வேர் நீளத்தை அளந்து சராசரி பாருங்கள். முளைத்த விதைகளின் விகிதத்தையும் வேர் நீள விகிதத்தையும் பெருக்கி வருவதுதான் குறியீடு. மழைநீர்த் தட்டில் 20, வடிநீர்த் தட்டில் 18 முளைத்து, வேர் முறையே 30, 27 மில்லிமீட்டர் என்றால் 0.9 × 0.9, அதாவது 81 சதவீதம். 80-க்கு மேல் வந்தால் நஞ்சு முறிந்தது. 50-க்குக் கீழ் என்றால் இன்னும் இருக்கிறது.

தோற்றால் காரணம் பீனாலா உப்பா என்பதை அளவுக் கருவி சொல்லிவிடும். வடிநீர் அடர்ந்த பழுப்பாக இருந்து, கருவி குறைவாகக் காட்டினால் பீனால் மிச்சம். ஈரம் சரிபார்த்து இன்னும் மூன்று வாரம் விடுங்கள். நீர் வெளுப்பாக இருந்தும் கருவி எகிறினால் காளான் தன் வேலையை முடித்துவிட்டது, தடை உப்புதான். நகரக் கழிவு உரத்துக்கு இந்திய உரக் கட்டுப்பாட்டு ஆணை வைத்திருக்கும் வரம்பு 4 டெசிசைமன். அதைத் தாண்டியது நாற்றங்காலுக்கும் மிளகாய்க்கும் உதவாது. தென்னைக்குப் போடுங்கள், அல்லது அடுத்த ஐப்பசி மழையில் மெல்லியதாகப் பரப்பிக் கழுவுங்கள். அப்போது சாம்பல் சத்தும் கொஞ்சம் கூடவே போகும், அதற்கு வழியில்லை.

போடும் அளவு

ஏக்கருக்கு 2 டன் அடியுரமாக, கடைசி உழவுக்கு முன். நாற்றுப் பைகளுக்கு மணலும் மண்ணும் சேர்த்த கலவையில் ஐந்தில் ஒரு பங்கு. காய்க்கும் தென்னைக்கும் மாமரத்துக்கும் மரம் ஒன்றுக்கு 5 கிலோவுக்குக் குறையாமல், தூரிலிருந்து தள்ளி வட்டமாகப் பள்ளம் எடுத்து மூட வேண்டும். இதில் தழைச்சத்து ஏறத்தாழ 1 சதவீதம்தான், மணிச்சத்து அதைவிட வெகு குறைவு. ஆகவே வழக்கமான எருவையும் உரத்தையும் நிறுத்திவிடாதீர்கள். இந்த உரத்தின் மதிப்பு ஈரத்தைப் பிடித்து வைப்பதில் இருக்கிறது. ஊற்றியது நிற்காமல் இறங்கிவிடும் மண்டபம் பக்கத்து மணலில் இரண்டு தண்ணீருக்கு இடையே உள்ள நாள் கூடுவதைக் காணலாம்.

எல்லாவற்றையும் போட்டுவிடாமல் ஒரு மூட்டையை ஈரம் குறையாமல் நிழலில் வைத்திருங்கள். அடுத்த குவியலில் அடுக்குக்கு ஒரு கூடை தூவினால் மட்குவது விரைவாகும்.